அவை அறிந்து திருத்திய பாடல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படுகிறது. அந்நகரின் கடலோரப் பகுதிகளுள் ஒன்று ஜங்லிகாட். மீன்பிடி படகுகள் வந்து சேரும் இறங்குதுறையும் அதனைச் சார்ந்த கடைகளும் குடியிருப்புகளும் அங்கு உள்ளன. தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி எனப் பல மொழிகள் செவியில் விழும் இடம் அது. அங்கு வாழும் பதினோராம் வகுப்பு மாணவர் ஐவர், பாப் இசைப் பாடல் ஒன்றைத் தாமே எழுதிப் பாடி, கைப்பேசியால் படமாக்கியுள்ளனர் என்று கற்பனை செய்துகொள்ளலாம். மேற்படிப்பிற்காகக் கப்பலேறிச் சென்னைக்குச் செல்லும் தோழியை வழியனுப்பும் பாடல் அது. நான்கு நிமிடம் ஓடுகிறது. படத்தொகுப்பு முடிந்துவிட்டது. ஐவருக்கும் அது மிகவும் பிடித்திருக்கிறது.

சிக்கல் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு காட்சியை நூறு முறை பார்த்தவர்க்கு அதை முதன்முறை பார்ப்பவரின் கண் இருப்பதில்லை. பாடலின் சொற்கள் ஐவருக்கும் மனப்பாடம். ஆதலால் முரசொலி குரலை மூழ்கடிக்கும் இடத்திலும் அவர்கள் செவிக்குச் சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன. செவி கேளாததை நினைவு நிரப்பிவிடுகிறது. வழியனுப்புபவள் யார், செல்பவள் யார் என்பதும் அவர்களுக்கு முன்பே தெரியும். புதிதாகப் பார்ப்பவர்க்கோ, ஒரே நிறச் சீருடையில் இரு பெண்கள் மாறிமாறித் தோன்றுகின்றனர். அவ்வளவுதான். படைத்தவர் மனத்தில் உள்ள படமும் திரையில் உள்ள படமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அறிய, வெளியார் பார்வையைவிட எளிய வழி வேறில்லை.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. நூல் இயற்றியவர் அதனை அவையில் படித்துக் காட்டி, கற்றோர் எழுப்பும் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே நூல் வழக்கிற்கு வந்தது. அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனார் பாடிய சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகிறது. அதங்கோட்டாசான் நூலின்மேல் குற்றங்களை அடுக்கினார் என்றும், தொல்காப்பியர் அவற்றிற்கெல்லாம் விடை கூறினார் என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு கூறுவார். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கூறப்பட்ட குற்றங்களை எல்லாம் ஏற்று நூலாசிரியர் தம் நூலைச் சிதைத்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டார்; விடை கூறினார். கேட்பது ஒரு செயல், ஏற்பது மற்றொரு செயல் என்னும் தெளிவு அக்கதையில் உள்ளது.

எதைக் குற்றம் என்பது என்ற வினாவிற்கும் இலக்கணம் வழி காட்டியுள்ளது. நன்னூல் ஒரு நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைப் பட்டியலிடுகிறது. அவை நூலுக்கெனக் கூறப்பட்டவை. ஆயினும் நான்கு நிமிடக் காணொளிக்கும் வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றன. படகுகள் அசையும் காட்சி பல்லவிதோறும் திரும்பத் திரும்ப வந்தால் அது ‘கூறியது கூறல்’. வழியனுப்பும் பாடலின் இடையே, அழகாக அமைந்துவிட்டது என்பதற்காகவே ஞாயிறு மறையும் காட்சி அரை நிமிடம் நீண்டால் அது ‘மற்றொன்று விரித்தல்’. முதல் நிமிடம் விறுவிறுப்பாகச் சென்று, கடைசிச் சரணத்தில் படமாக்க ஒன்றுமில்லாமல் பழைய துண்டுகளே ஒட்டப்பட்டிருந்தால் அது ‘சென்று தேய்ந்து இறுதல்’. மாணவர் படைப்புகளில் மிகுதியாகக் காணப்படுவது இம்மூன்றாவது குற்றமே. படப்பிடிப்பு நாளின் மாலையில் ஒளியும் ஊக்கமும் ஒருங்கே குறைந்துவிடுவது அதற்குப் பெரும்பாலும் காரணம். ‘ஏதோ சரியில்லை’ என்று தடுமாறும் பார்வையாளர்க்கு இப்பெயர்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அவர் கருத்துக் கூறுவது எளிதாகிவிடும்.

இனி, கேட்கும் முறை. ‘நன்றாக இருக்கிறதா?’ என்று வினவினால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற விடையே வரும். நண்பர் முகம் வாட எவரும் விரும்புவதில்லை. அவ்விடையால் விளையும் பயன் ஒன்றுமில்லை. அதற்கு மாறாக, காணொளி முடிந்தவுடன், ‘இதில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்’ எனக் கேட்கலாம். பார்த்தவர் கதையைத் தம் சொற்களில் கூறும்போது, அவர் விட்டுவிடும் பகுதி எதுவோ அதுவே காணொளி சொல்லத் தவறிய பகுதி. ‘கேட்ட வரிகளில் நினைவில் நிற்பது எது?’, ‘எந்த இடத்தில் கவனம் சிதறியது?’ என்பன போன்ற வினாக்களும் பயன் தரும். விடை கூறுபவரை இடைமறித்து, ‘இல்லை, நாங்கள் நினைத்தது என்னவென்றால்…’ என்று விளக்கத் தொடங்குவது பெரும்பிழை. வெளியான பின் காணொளியோடு விளக்கம் சொல்ல எவரும் உடன் செல்ல முடியாது.

வாய் கூறுவதைவிட உடல் கூறுவது மெய்யானது. ஆகவே குழுவில் ஒருவர் திரையைப் பாராமல், பார்ப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். எந்த நொடியில் சிரிப்பு எழுந்தது, எப்போது பார்வை கைப்பேசிக்குத் தாவியது, எப்போது கால் தாளமிட்டது என்பனவற்றை நேரத்துடன் குறித்துக்கொண்டால், பின்னர்க் கூறப்படும் பாராட்டுரையை அக்குறிப்போடு ஒப்பிடலாம். ‘முழுவதும் அருமை’ என்றவர் இரண்டாம் நிமிடத்தில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், குறிப்பையே நம்புவது நலம்.

முதல் பார்வை ஒருவர்க்கு ஒருமுறைதான் உண்டு என்பதும் மறக்கத்தக்கதன்று. வகுப்பில் முப்பது பேர் இருப்பின், முப்பது பேருக்கும் முதல் வரைவையே காட்டிவிட்டால், திருத்திய வரைவைக் காட்டப் புதிய கண்கள் கிடைக்கமாட்டா. முதலில் ஐந்தாறு பேர். திருத்திய பின் வேறு ஐந்தாறு பேர் என்று பிரித்துக்கொள்வது சிக்கனமான முறை.

பார்வையாளர் கூறுவதில் எதை நம்பலாம், எதை ஆராய வேண்டும்? இதுவே இப்பொருளில் கடினமான பகுதி. எங்கே வலிக்கிறது என்பதில் நோயாளி தவறுவது அரிது; என்ன மருந்து என்பதில் அவர் கூற்றை அப்படியே ஏற்கும் மருத்துவர் இல்லை. பார்வையாளரும் அவ்வாறே. எடுத்துக்காட்டாக, ஜங்லிகாட் மாணவரின் காணொளியைப் பார்த்த மூவர், ‘பாடும் பெண்ணின் நடிப்பில் உயிரில்லை, வேறொருவரை நடிக்கச் செய்யலாம்’ என்று கூறுவதாகக் கொள்ளலாம். குறை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது நடிப்பில் இல்லாமல் இருக்கலாம். பாடலுக்கும் உதட்டசைவிற்கும் இடையே சிறு பிசகு இருந்தாலும் முகம் பொய்யாகத் தோன்றும். ஒலி படத்தைவிட ஏறத்தாழ 45 மில்லி நொடி முந்தினாலோ, 125 மில்லி நொடி பிந்தினாலோ பார்ப்போர் அதை உணரத் தொடங்குகின்றனர் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று குறிப்பிடுகிறது. நொடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடும் காணொளியில் ஒரு சட்டம் 40 மில்லி நொடி. அதாவது, ஒலி ஒன்றிரண்டு சட்டங்கள் முந்திவிட்டாலே கண் முரண்படும். பிந்தும் ஒலியைச் சற்றுக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் இயற்கையிலேயே உள்ளது: மின்னலுக்குப் பின்னரே இடி கேட்கிறது, முன்னர்க் கேட்பதில்லை. இதனை அறியாத குழு நடிகையை மாற்றி மீண்டும் ஒரு நாள் படப்பிடிப்பை நடத்தும். அறிந்த குழு ஒலித்தடத்தை இரண்டு சட்டம் நகர்த்திவிட்டு அதே மூவர்க்கு ஒத்த வேறு மூவரை அழைக்கும்.

‘பாடல் மிக நீளம்’ என்பதும் அவ்வகைக் குறையே. நான்கு நிமிடம் பெரிய நீளம் அன்று. முதற் சரணத்தின் சொற்கள் விளங்காதபோது இரண்டாம் சரணம் நீளமாகத் தோன்றும். விளங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் ஒலிக்கலவை. மாணவர் ஹெட்போன் வழியாகக் கேட்டு ஒலியைச் சமன் செய்கின்றனர். பார்வையாளரோ கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்கின்றார். அதில் கீழ்க்குரல் முரசொலி ஏறத்தாழ மறைந்துவிட, உச்சத்தில் ஒலிக்கும் தாளத்தட்டுகள் குரலோடு மோதுகின்றன. துறையில் பதிவு செய்திருந்தால் கடற்காற்றின் இரைச்சலும் சேரும். ஆகவே பார்வையாளர் எக்கருவியில் பார்ப்பாரோ அக்கருவியிலேயே காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். பெருந்திரைக்கும் இச்சிக்கல் உண்டு. 2024 நவம்பர் 14 அன்று வெளியான ‘கங்குவா’ திரைப்படத்தில் ஒலி அளவுக்கு மிஞ்சியிருப்பதாகப் பார்வையாளர் பலர் குறை கூறினர்; திரையரங்குகளில் ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்குமாறு தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா கேட்டுக்கொண்டார். பெரும்பொருட் செலவில் உருவான படத்திற்கே செவிகளின் தீர்ப்பு வெளியீட்டிற்குப் பின்னர்தான் தெரியவந்தது.

வெளியீட்டிற்கு முன்னரே கேட்டுத் திருத்தியதற்கும் புகழ்பெற்ற சான்று உண்டு. சோனிக் என்பது 1991ஆம் ஆண்டு முதல் காணொளி விளையாட்டுகளில் வரும் நீலநிற முள்ளெலி. அதனை நாயகனாகக் கொண்ட ஆங்கிலத் திரைப்படத்தின் முன்னோட்டம் 2019 ஏப்ரல் 30 அன்று வெளிவந்தது. மனிதப் பற்களும் சிறிய கண்களும் கொண்ட அவ்வுருவத்தைக் கண்ட ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களுக்குள், உருவம் மாற்றியமைக்கப்படும் என இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரி 14 அன்று வந்தது; நன்கு வரவேற்கப்பட்டது. இந்நிகழ்வைப் பலர் ரசிகரின் வெற்றியாகவே கூறுவர். ஏற்கெனவே முடித்த காட்சிகளை வரைகலைஞர் மீண்டும் செய்ய நேர்ந்தது என்னும் மறுபக்கமும் அதற்கு உண்டு. முரட்டுக் கோட்டோவிய நிலையிலேயே சிலர்க்குக் காட்டியிருந்தால் அவ்வளவு உழைப்பு வீணாகியிராது. மாணவர்க்கு இதில் பாடம் உண்டு: நிறத்திருத்தமும் எழுத்தலங்காரமும் முடியும் வரை காத்திராமல், கரடுமுரடான தொகுப்பையே காட்டிவிடலாம். மெருகேறிய படைப்பில் குறை கூறப் பார்ப்பவரும் தயங்குவர். கேட்டு மாற்றப் படைத்தவரும் தயங்குவர்.

யாரிடம் கேட்பது என்பதை மேலோட்டமாக விட்டுவிட இயலாது. திருக்குறளில் ‘அவையறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஜங்லிகாட் பாடலுக்கு அவை ஒன்றன்று, பல. சென்னையில் உள்ள உறவினர் கடலையும் படகையும் கண்டு மகிழ்வர். உள்ளூர்ப் பார்வையாளரோ தோழி கையசைத்து விடைபெறும் காட்சியில் சிரித்துவிடக்கூடும். ஏனெனில், சென்னைக்குச் செல்லும் பயணியர் கப்பல் ஹாடோ துறையிலிருந்து புறப்படுவது, ஜங்லிகாட்டிலிருந்து அன்று. மீன்படகுகளுக்கு நடுவே நின்று கொண்டு, ஏறத்தாழ மூன்று நாள் கடற்பயணத்திற்கு ஒருத்தியை வழியனுப்புவது அவ்வூரார்க்கு வேடிக்கையாகவே படும். பாடலின் துயரம் மிகவேண்டிய இடத்தில் எழும் அச்சிரிப்பைப் புறக்கணித்தல் ஆகாது. இதற்கு மருந்து என்ன? ஹாடோவில் மீண்டும் படமாக்குவது ஒரு வழி. துறைமுகத்திற்குள் படமெடுக்க இசைவு பெறுவது எளிதாக இராது. காட்சியின் இடத்தை மாற்றாமல் அதன் பொருளை மாற்றுவது மற்றொரு வழி. தோழி சென்றுவிட்டாள், அவர்கள் நாள்தோறும் மாலையில் அமர்ந்த மீன்துறையில் மற்றவள் தனியே நிற்கிறாள் என்று தொகுப்பின் வரிசையை மாற்றினால், பிழையாக இருந்த இடமே பாடலின் நெஞ்சமாகிவிடும். சிரித்தவர் இவ்வழியைக் கூறவில்லை. அவர் சிரிப்பு இவ்வழியைத் தேடச் செய்தது.

மொழியறியாதார் கருத்தும் தேவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 பேர். தமிழ்ப் பாடலை வங்காளி நண்பர் ஒருவர் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், படம் மட்டும் எவ்வளவு கதையைச் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். இந்தியில் துணைவரிகள் சேர்ப்பதா வேண்டாவா என்பதையும் அவரே தீர்மானிக்க உதவலாம்.

இவர்கள் அனைவரினும் முதன்மையான அவை ஒன்றுண்டு. அது படத்தில் தோன்றுவோர் அவை. மீன் விற்கும் பெண்ணொருத்தி பின்னணியில் மூன்று நொடி வருகிறாள். பாடலின் சோகத்திற்கு ஏற்ப அக்காட்சி மெதுவாக ஓட்டப்பட்டு, நிறம் மங்கலாக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர்க்கு அது அழகு. அப்பெண்ணுக்கோ, நல்ல வியாபாரம் நடந்த ஒரு காலைப்பொழுதில் தன்னைத் துயரத்தின் உருவமாக்கிவிட்டனர் என்று தோன்றலாம். படம் எடுக்கும்போது அவர் இசைவு பெற்றது போதாது. தொகுத்த பின் அவர்க்குக் காட்ட வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் நீக்கிவிட வேண்டும். இங்கு வாக்கெடுப்பிற்கு இடமில்லை.

பெரும்பான்மையின் கைதட்டல் இசைவாகிவிடாத மற்றோர் இடமும் இத்தீவுகளில் உண்டு. பழங்குடியினரைப் போல வேடமிட்டு ஆடும் காட்சியொன்றை நகைச்சுவைக்காகச் சேர்த்தால் வகுப்பறை ஆரவாரிக்கக்கூடும். ஆனால் வேடிக்கைப் பொருளாக்கப்படும் மக்கள் அவ்வகுப்பறையில் இருந்து கருத்துக் கூறுவதில்லை. ஜாரவா முதலிய பழங்குடியினரைக் காக்க 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை நடைமுறையில் உள்ளது. அவர்களைப் படமெடுப்பதே சட்டப்படி குற்றம். அத்தகைய காட்சியைக் கருத்துக் கேட்கும் நிலைக்கே கொண்டு வராமல் விலக்குவது கடமை.

சில கருத்துகளை மறுக்கவும் துணிவு வேண்டும். பாப் இசைக் காணொளியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உள்ளது. 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ‘குயீன்’ இசைக்குழு ‘பொஹீமியன் ராப்சடி’ என்னும் பாடலை உருவாக்கியது. அதன் நீளம் 5 நிமிடம் 55 நொடி. வானொலியில் ஒலிபரப்ப இது மிகவும் நீளம் என்று இசைத்தட்டு நிறுவனத்தார் கருதினர். குழு சுருக்க மறுத்தது. வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் அதனைத் தம் நிகழ்ச்சியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்ய, கேட்டவர்கள் முழுப் பாடலையும் விரும்பினர். அவ்வாண்டு நவம்பரில் ஒரு சில மணி நேரத்தில் எடுக்கப்பட்ட அதன் காணொளி, பாப் பாடல்களுக்குக் காணொளி எடுக்கும் வழக்கத்தையே வலுப்படுத்தியது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அப்பாடல் 9 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. இங்கு மறுக்கப்பட்டது கேட்போரின் கருத்தன்று. கேட்போர் எப்படிக் கருதுவர் என்று இடையில் இருந்தோர் கொண்ட ஊகம். ‘இது மக்களுக்குப் பிடிக்காது’ என்று ஒருவர் கூறும்போது, அவர் தமக்குப் பிடிக்கவில்லை என்கிறாரா, பிறரை ஊகிக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க இந்நிகழ்வு உதவும்.

வந்த கருத்துகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் குழு என்ன முடிவு செய்தது, ஏன் செய்தது என்று ஒரு வரி எழுதி வைப்பது நல்ல பழக்கம். ஒருவர் மட்டும் கூறிய குறையை உடனே ஒதுக்காமல் காத்திருக்கலாம். ஒருவர்க்கொருவர் தொடர்பில்லாத மூவர் ஒரே நொடியைச் சுட்டினால் தாமதிக்கலாகாது. திருத்தத்திற்கு முந்தைய வரைவை அழித்துவிடாமல் வைத்திருத்தல் வேண்டும். திருத்தியது மோசமாகிவிடுவதும் உண்டு.

தீவுகளில் இவ்வுழைப்பிற்கு அண்மைக்காலம் வரை ஒரு தடை இருந்தது. இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்ததால், ஒரு காணொளியைச் சென்னைக்கு அனுப்புவதே பெரும்பாடாக இருந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பின்னர், ஜங்லிகாட்டில் காலையில் தொகுத்த வரைவைச் சென்னையில் படிக்கும் முன்னாள் மாணவி மாலைக்குள் பார்த்துக் கருத்துக் கூறுவது இயல்பாகிவிட்டது. பாடலின் கதையை உண்மையாகவே வாழ்ந்த அவளே இக்குழுவிற்கு மிகப் பொருத்தமான பார்வையாளர்.

வெளியிட்ட பின்னும் கேட்பது தொடரும். ஒவ்வொரு நொடியிலும் நூற்றுக்கு எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதை யூடியூப் ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது. தொடக்கத்தில் கோடு சற்று இறங்குவது எல்லாக் காணொளிகளுக்கும் உரியது. இடையில் திடீரென்று சரியும் இடத்தைத்தான் நோக்க வேண்டும். மேலெழும் இடமும் முக்கியம், அங்கே சிலர் திரும்பச் சென்று பார்த்திருக்கின்றனர். அவ்வாறு திரும்பிப் பார்த்தது பிடித்ததாலா, சொல் விளங்காததாலா என்பதைக் கோடு கூறாது. அதை அறிய மீண்டும் ஒருவரை அழைத்து எதிரில் அமர்த்தி, அந்த நொடியை ஓட்டிக் காட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.